வேலி தாண்டும் வண்டு

ஏற்காட்டைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளிலும் விடுதி அறைகளில் கிடக்கும் பளபளப்பான மடிப்பிதழ்களிலும் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842-இல் இந்த மலையைக் கண்டுபிடித்தார் என்பது அந்த வரி. மன்றோ 1827-லேயே பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருடம் கழித்து மலையேறிய ஆளுநரை ஏற்காட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். யாரோ எப்போதோ விட்ட பிழை. அடுத்தவர் பார்த்து எழுதினார், அவரைப் பார்த்து இன்னொருவர். மன்றோவுக்கும் சேலத்துக்கும் ஒட்டும் உறவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ் பாராமகாலில் நிலவரி வேலை பார்த்தவர் அவர். அந்த அரைகுறைப் பொருத்தமே பிழைக்கு ஒரு நம்பகமான முகத்தைக் கொடுத்துவிட்டது. போதாக்குறைக்கு, ‘கண்டுபிடித்தார்’ என்று வேறு. சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் மலையுச்சிக் குகையில் விழா எடுத்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே தினை விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மென்பொருள் தொழிலிலும் இப்படி ஒரு 1842 உண்டு.

வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970-இல், பெரிய மென்பொருள் திட்டங்களை எப்படி நடத்துவது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதன் முற்பகுதியில் படிக்கட்டு போல ஒரு படம் வரும். தேவையைக் கேட்டு எழுது, வடிவமை, நிரலை எழுது, சோதித்துப் பார், ஒப்படை. ஒரு படி முடிந்த பிறகுதான் அடுத்த படி. பின்னாளில் ‘வாட்டர்ஃபால்’ என்று பெயர் வாங்கிய முறை இதுதான். அந்தப் பெயரை ராய்ஸ் எழுதவே இல்லை. படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே செய்தால் ஆபத்து என்றும் சொல்லிவிட்டு, மிச்சப் பக்கங்களில் அதற்கு என்னென்ன திருத்தம் வேண்டும் என்று விளக்கினார். முதலில் ஒன்றைச் சிறிதாகச் செய்து பார், பிறகு முழுதாகச் செய் என்பது அவற்றில் ஒன்று. தொழில் உலகம் படத்தை எடுத்துக்கொண்டது, பக்கத்தைப் புரட்டவில்லை. 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்ததாரர்களுக்கு வகுத்த தரநிலையில் அந்தப் படிக்கட்டின் சாயல் இறங்கியது. அங்கிருந்து பாடப்புத்தகங்களுக்கு. எண்பது, தொண்ணூறுகளில் இந்தியாவிலிருந்து அமெரிக்க வேலைகளைச் செய்யத் தொடங்கிய நிறுவனங்கள் அந்தப் படிக்கட்டைத் தொழிலின் இலக்கணமாகவே ஏற்றுக்கொண்டன.

இந்த இரண்டு கதைகளிலும் தகவலைப் பகிர்வதில் யாரும் கஞ்சத்தனம் காட்டவில்லை. தாராளமாகத்தான் பகிர்ந்தார்கள். ஆனால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில், ‘இது சரியா’ என்று கேட்டுத் திருப்பி அடிக்கக்கூடிய எதுவும் இருக்கவில்லை. மன்றோவின் ஆண்டு தப்பாக இருப்பதால் எந்த விடுதியிலும் அறை காலியாகக் கிடக்காது.

படிக்கட்டு முறையில் சலித்துப்போன பதினேழு பேர் 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் கூடினார்கள். கெண்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம், மார்ட்டின் ஃபௌலர், கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட், ராபர்ட் மார்ட்டின் என்று அந்தத் துறையில் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள். எங்கே கூடுவது என்பதிலேயே பெரிய விவாதம் நடந்தது என்று அவர்களில் ஒருவரான ஜிம் ஹைஸ்மித் எழுதியிருக்கிறார். சிகாகோ என்றால் குளிர், பொழுதும் போகாது. ஸ்னோபேர்ட் என்றால் குளிர், ஆனால் பனிச்சறுக்கு உண்டு. கரீபியன் தீவு என்றால் வெயில் உண்டு, பயணம் நீளம். மலை வென்றது. அங்கே எழுதப்பட்டதுதான் அஜைல் அறிக்கை. நான்கு மதிப்பீடுகள், பன்னிரண்டு கொள்கைகள், எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் தேறும். முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம் என்பது அதில் முதலாவது. பதினேழு பேரும் ஆண்கள் என்பதை அன்றைக்கு அங்கே யாரும் விசேஷமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்னோபேர்ட்டுக்கு அழைத்துப்போனதில் பெரும்பங்கு உள்ளவர், பக்கத்து ஊரான சால்ட் லேக் சிட்டியில் குடியிருந்த அலிஸ்டர் கோபர்ன். ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் குடும்பப்பெயர் புதிதில்லை. தமிழ்க் கையேடுகள் ‘காக்பர்ன்’ என்று எழுதும் எம். டி. கோபர்ன் 1820 முதல் 1829 வரை சேலத்தின் கலெக்டர். மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் என்றும் பேரி, லொக்காட் மரங்களை நட்டவர் என்றும் பெயர் பெற்றவர். கிரேஞ்ச் எஸ்டேட் அவர் அமைத்தது. இருவருக்கும் உறவு உண்டா என்று தேடிப்போக வேண்டிய அவசியமில்லை, பெயர்ப் பொருத்தம் வெறும் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒருவர் ஒரு பயிரையும் மற்றவர் ஒரு வேலைமுறையையும் மலைமேல் வைத்துத் தொடங்கியவர்கள். பயிரும் முறையும் பிறகு எப்படிக் கைமாறின என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்தத் தற்செயல் நல்ல சாக்கு.

காபி விதையைக் கொண்டுவருவது எளிது. அந்த மண்ணில், அந்த மழையில், எந்த நிழலில் அது பிழைக்கும் என்பதைக் கொண்டுவர முடியாது. அது அங்கேயே நட்டு, பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. 1869-இல் இலங்கையில் காபி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி கண்டது. இலைத்துரு. முதலில் தோட்டக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பருவம் சரியாகிவிடும் என்றார்கள். 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து, பூசண வித்துகள் காற்றில் பரவுகின்றன, ஒரே பயிரை மலை மலையாக நட்டு வைத்ததுதான் அதற்கு வழி விட்டது என்று காட்டினார். அதற்குள் காலம் கடந்திருந்தது. இலங்கை காபியை விட்டுத் தேயிலைக்கு மாறியது. தென்னிந்தியா தப்பியது முழுக்க அறிவாலா, நிழல் மரங்களாலா, அதிர்ஷ்டத்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அந்த அடியில் தோட்டக்காரர்கள் ஒன்றைக் கற்றார்கள். 1893-இல் பெங்களூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் ஐக்கிய சங்கமான உபாசி உருவானது. சேர்வராயனிலும் தோட்டக்காரர்களுக்கென்று சங்கம் உண்டு.

1911-இல் மைசூர்ப் பகுதியின் தொட்டன்கூடா தோட்டத்தில் கெண்ட் என்ற துரை, சுற்றிலும் துரு பிடித்த செடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தெளிவாக நிற்பதைப் பார்த்தார். அதன் விதையை எடுத்துப் பெருக்கினார். கொஞ்ச காலத்தில் கெண்ட்ஸ் என்ற அந்த ரகம் தென்னிந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பிறகு துருவும் தன் குணத்தை மாற்றிக்கொண்டு கெண்ட்ஸையும் பிடித்தது. 1925-இல் தொடங்கிய பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் அதே கெண்ட்ஸை இன்னொரு ரகத்தோடு சேர்த்து எஸ்-795 என்ற ரகத்தை உண்டாக்கியது. அராபிகா பயிரிடுகிறவர்கள் இன்றும் விரும்பி நடும் செடி அது. ஒரு தோட்டக்காரரின் கண்ணில் பட்டது, அடுத்தவர் நிலத்தில் சோதிக்கப்பட்டது, தோற்றது, ஆராய்ச்சி நிலையத்தில் திருத்தப்பட்டது, மீண்டும் நிலத்துக்கு வந்தது. அஜைல்காரர்கள் பின்னூட்டச் சுழற்சி என்று பெரிய பலகை எழுதி மாட்டுவதை, இந்த மலைகளில் நாற்பது வருடத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் செய்திருக்கிறார்கள்.

இதைவிட வேகமான சுற்று ஒன்றும் தோட்டத்தில் உண்டு. அதை நடத்துவது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு.

அராபிகாவின் முதல் எதிரி இதுதான். ரொபஸ்டாவை அவ்வளவாகச் சீண்டாது. வருடத்தில் இரண்டு முறை வண்டு பறக்கும். ஏப்ரல், மே ஒரு பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. வெயில் விழும் தண்டாகப் பார்த்து, பட்டையின் வெடிப்புகளுக்குள் முட்டையிடும். பொரித்து வரும் புழு கொஞ்ச நாள் பட்டைக்கு அடியில் மேய்ந்துவிட்டுக் கட்டைக்குள் இறங்கும். போகும் வழியைத் தன் கழிவாலேயே இறுக்கி அடைத்துக்கொண்டே போவதால் வெளியிலிருந்து ஊற்றும் மருந்து உள்ளே எட்டாது. செடி மாதக்கணக்கில் நன்றாகவே நிற்பது போல இருக்கும். பிறகு இலை மஞ்சளாகித் தொங்கும். அப்போது பார்த்தால் பயனில்லை.

அதனால் பறக்கும் பருவத்துக்கு முன்னாலேயே ஆட்கள் வரிசை வரிசையாகச் செடியைச் சோதித்துக்கொண்டு போவார்கள். தண்டைச் சுற்றி ஒரு கை ஓடும். புழு போன தடத்துக்கு மேலே பட்டை லேசாகப் புடைத்து வரம்பு கட்டியிருக்கும். பல நேரம் கண்ணுக்கு முன்னால் விரல் அதைக் கண்டுபிடிக்கும். அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். காய்த்துக்கொண்டிருக்கும் செடியை எரிக்க மனசு வராது என்பது வேறு விஷயம். மற்ற செடிகளுக்குத் தேங்காய் நாராலோ நார்க் கையுறையாலோ தண்டைத் தேய்த்து, முட்டையிட வசதியான தளர்ந்த பட்டையை உதிர்த்துவிடுவார்கள். தேய்ப்பது அழுத்தமாக இருந்தால் பச்சைப் பட்டை உரிந்து செடிக்குக் காயம். மெதுவாக இருந்தால் வெடிப்பு அப்படியே நிற்கும். எவ்வளவு அழுத்தம் என்று எந்தத் துண்டறிக்கையிலும் அச்சிட முடியாது. பக்கத்து வரிசையில் இருப்பவரின் கையைப் பார்த்துத்தான் வரவேண்டும். சில்வர் ஓக் நிழலை எந்த அளவுக்குக் கவாத்து செய்வது என்பதும் இதே கணக்கு. நிழல் குறைந்தால் வண்டுக்குக் கொண்டாட்டம், கூடினால் காய் குறையும்.

வண்டுக்கு வேலி தெரியாது. ஒரு தோட்டத்துக்காரர் பாதிக்கப்பட்ட செடிகளை எரிக்காமல் விட்டால் அடுத்த பருவத்தில் பக்கத்துத் தோட்டத்துக்கு வண்டு வரும். தன் தோட்டத்தில் எவ்வளவு பாதிப்பு என்று மறைப்பவரும் அடுத்த வருடம் அக்கம்பக்கத்துக் கண்ணில் மாட்டிக்கொள்வார். விலை விஷயத்தில், ஆள் பிடிப்பதில், தண்ணீரில் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளும் தோட்டக்காரர்கள் பூச்சி விஷயத்தில் மட்டும் உட்கார்ந்து பேசுவதற்குக் காரணம் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டியதில்லை.

மென்பொருள் நிறுவனங்களுக்கு அப்படி ஒரு வண்டு இருக்கிறதா? ஓரளவுக்கு உண்டு. எல்லோரும் ஒரே திறமூல நூலகங்களைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஓட்டை விழுந்தால் எல்லார் கூரையும் ஒழுகும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நூலகத்தின் ஓட்டை வெளியானபோது உலகம் முழுக்க ஒரே வாரத்தில் தகவல் பறந்ததற்கு இதுதான் காரணம். ஆனால் ‘எங்கள் அணி எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது’ என்பது வேலிக்கு உள்ளேயே கிடந்து மக்கும் விஷயம். அது பக்கத்து நிறுவனத்தைக் கடிப்பதில்லை. ஆகவே அஜைல் அறிவு பகிரப்படும்போது எளிதாகப் பிரதி எடுக்கக்கூடிய பகுதி மட்டும் வேலி தாண்டுகிறது. பலகையில் ஒட்டும் மஞ்சள் காகிதம், ஸ்பிரிண்ட் என்ற இரண்டு வார வேலைச் சுற்று, தினமும் காலையில் பதினைந்து நிமிட நின்றபடிக் கூட்டம், கடைசியில் ஒரு சான்றிதழ்.

அந்தக் காலைக் கூட்டத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் யாராவது வந்து பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். இலங்கை மலையகத்தில் அதற்குப் பெயர் பெரட்டு. விடியலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், கங்காணி பெயர் கூப்பிடுவார், இன்றைக்கு நீ எந்த மலை, நீ எந்த வேலை என்று பிரிப்பார். யாரும் எதுவும் கேட்பதில்லை. அஜைல் முறைகளில் ஒன்றான, இந்தக் காலைக் கூட்டத்தை வகுத்த ஸ்க்ரம் முறையை எழுதியவர்கள் நினைத்தது இதற்கு நேர்மாறு. அணியினர் தங்களுக்குள் பேசிக்கொண்டு அன்றைய வேலையைத் தாங்களே வகுத்துக்கொள்வதற்கான நேரம் அது. சென்னையிலும் பெங்களூரிலும் எத்தனையோ அலுவலகங்களில் அது மேலாளரைப் பார்த்து ஒவ்வொருவரும் ‘நேற்று இதைச் செய்தேன், இன்று இதைச் செய்வேன், தடங்கல் ஏதும் இல்லை’ என்று ஒப்பிக்கும் சடங்காகிவிட்டது. தடங்கல் உண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி தன்மேல் பாயும் என்று தெரிந்தவர் சொல்ல மாட்டார். ஸ்டாண்ட்-அப் என்ற பெயரில் ஒரு பெரட்டு.

இது இந்தியர்களின் பண்பாட்டுக் குறை, பெரியவர் முன் வாய் திறக்காத பழக்கம் என்று எழுதுவது வெளிநாட்டு ஆலோசகர்களுக்கு ஒரு காலத்தில் வழக்கம். பாதி உண்மை, மீதிப் பாதி சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் எதிரே நிற்கிறார் என்பது. அந்தச் சூழ்நிலையில் டென்மார்க்காரரும் வாய் திறக்க மாட்டார்.

இந்தச் சிக்கலை முதலில் நேர்மையாக எழுதியவர்களில் மார்ட்டின் ஃபௌலரும் ஒருவர். அவர் வேலை பார்த்த தாட்வொர்க்ஸ் நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. அங்கே கிடைத்த அனுபவத்தை வைத்து, கடல் தாண்டிய அணிகளோடு அஜைல் முறையில் வேலை செய்வது பற்றி ஃபௌலர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார். அந்தத் திருத்தமே அவருடைய பேச்சுக்குச் சாட்சி. அவர் சொன்ன வழிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் ஆட்களைச் சில மாதங்களுக்குத் தூதுவர்களாக அனுப்புவது. அப்படிப் போகிறவரின் வேலையில் ஒரு பெரும்பகுதி ஊர்வம்பு கொண்டுவருவது என்று ஃபௌலர் எழுதுகிறார். யாருக்கு யாரோடு ஒத்துப்போகாது, எந்த வாடிக்கையாளர் எதைச் சொல்லிவிட்டு எதை நினைக்கிறார் என்பதெல்லாம் ஆவணத்தில் ஏறாது; டீக்கடையில்தான் ஏறும். இரண்டாவது வழி, தேவையை வெறும் உரையாக எழுதாமல் ஓட்டிப் பார்க்கக்கூடிய சோதனையாக எழுதுவது. பெங்களூரில் ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டால் அந்தச் சோதனை அன்றைக்கே சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும். ஆவணம் அப்படிக் கத்தாது. படித்தவர் புரிந்துகொண்டாரா என்று அதற்குத் தெரியாது.

அஜைல் இயக்கம் உலகத்துக்குக் கொடுத்ததில் மிகச் சிறந்தது இந்தச் சோதனை எழுதும் பழக்கம்தான். மஞ்சள் காகிதங்களைக் கிழித்துப் போட்டாலும் ஒரு நஷ்டமும் இல்லை.

விரலுக்குள் இருக்கும் அறிவை நிரலுக்குள் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கு ஜப்பானில் ஒரு பழைய பதில் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் மட்சுஷிதா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. மாவு பிசைவது சரியாக வரவில்லை. மேலே கருகும், உள்ளே வேகாது. இகுகோ தனகா என்ற மென்பொருள் உருவாக்குநர், ஒசாகாவில் நல்ல ரொட்டிக்குப் பெயர் பெற்ற ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் பழகினார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது கூடவே ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பது பக்கத்தில் நின்றபோதுதான் கண்ணில் பட்டது. அவரிடம் கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இயந்திரத்தின் உள்சுவரில் பொறியாளர்கள் வரம்புகளைச் சேர்த்தார்கள், மாவு முறுக்கத்தோடு இழுபட்டது. இந்தக் கதையை 1995-இல் புத்தகத்தில் எழுதியவர்கள் நொனாகாவும் டகேயுச்சியும். இதே இருவர் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ரக்பி ஆட்டத்தைச் சொல்லி விளக்கிய அணி வேலையிலிருந்துதான் ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் ஸ்க்ரம் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெயர் வந்தது. ரொட்டிக்காரர் பக்கத்தில் போய் நிற்கும் பழக்கம் எத்தனை அலுவலகத்துக்கு வந்தது என்பதுதான் சந்தேகம்.

சிறுபத்திரிகை வாசகருக்கு இன்னொரு செய்தி உவப்பாக இருக்கலாம். அஜைல்காரர்களில் பலர் அதற்கு முன்னால் மென்பொருள் வடிவங்களைத் தொகுத்துக்கொண்டிருந்த ஒரு குழுவில் இருந்தவர்கள். 1994-இல் தொடங்கிய அவர்களுடைய ஆண்டு மாநாட்டில் யாரும் மேடையேறிக் கட்டுரை வாசிப்பதில்லை. எழுதியவர் வட்டத்தில் வாய் மூடி உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே இல்லாதது போல மற்றவர்கள் அவருடைய எழுத்தைப் பற்றிப் பேசுவார்கள். முதலில் எது நன்றாக இருக்கிறது, பிறகு எதைத் திருத்தலாம். இந்த முறையை அவர்களுக்குக் கொடுத்தவர் ரிச்சர்ட் கேப்ரியல். கணினி அறிஞர், கவிஞரும் கூட. கவிஞர்களின் பட்டறையிலிருந்து எடுத்து நிரலாளர்களின் கையில் கொடுத்தார். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ கூட்டத்தில் தன் கதையைப் பிறர் பிய்த்துப் போடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இந்த அனுபவம் புரியும். பதில் சொல்ல முடியாமல் கேட்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எழுதியவர் பதில் சொல்ல ஆரம்பித்த நொடியில் கூட்டம் தற்காப்பு வழக்காகிவிடும்.

அஜைல் அறிவின் சந்தை அந்த வழியில் வளரவில்லை. ஸ்க்ரம் மாஸ்டர் ஆவதற்கு இரண்டு நாள் வகுப்பு, ஒரு தேர்வு, பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து. சேர்வராயன் மலையில் இரண்டு நாள் கவாத்து வகுப்புக்குப் போய்வந்த ஒருவரிடம் எந்தத் தோட்டக்காரரும் கத்தியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார். ஸ்னோபேர்ட்டில் கூடிய பதினேழு பேரில் ஒருவரான டேவ் தாமஸ், அஜைல் என்ற சொல்லையே இனி விட்டுவிடலாம் என்று 2014-இல் எழுதினார். ஆலோசகர்களும் சான்றிதழ் விற்பவர்களும் அதைப் பெயர்ச்சொல்லாக்கி விற்றுவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். அலிஸ்டர் கோபர்னும் பின்னாளில் எல்லாவற்றையும் நான்கு சொற்களாகச் சுருக்கினார். சேர்ந்து வேலை செய், ஒப்படை, யோசித்துப் பார், மேம்படுத்து. சுருக்கியதும் அதற்கும் பயிற்சி வகுப்புகள் முளைத்துவிட்டன என்பது தனிக் கதை.

இந்தியாவில் இதற்கு மாறான காரியங்கள் நடக்காமல் இல்லை. நரேஷ் ஜெயின் முதலானவர்கள் தொடங்கிய அஜைல் சாஃப்ட்வேர் கம்யூனிட்டி ஆஃப் இந்தியா பெங்களூரில் நடத்தும் அஜைல் இந்தியா மாநாடு உலக அளவில் பெயர் பெற்றது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. பைத்தான் குழுவும் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறது. கட்டணம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் நிரலாக்கத்தைத் தமிழில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிடுகிறது. திருத்தலாம் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் விலை அதிகம். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் அதில் ஒரு பிழையைக் கண்டால் எழுதியவருக்குச் சொல்ல வழி இருக்கிறது.

ஒப்பீட்டில் தோட்டக்காரர்களை அதிகம் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர் முதலாளி அல்லது மேலாளர். காபி வாரியத்தின் அதிகாரி வந்து பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவரும் அவரே. தண்டில் விரலை ஓட்டி வரம்பைக் கண்டுபிடித்த பெண் அந்த நேரத்தில் வரிசையில் நிற்கிறார். இதைச் சரிசெய்ய விவசாயத் துறையில் ஒரு வழி ஏற்கெனவே உண்டு. இந்தோனேசிய நெல்வயல்களைப் புகையான் பூச்சி அழித்தபோது, 1989-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சுமார் இருபத்தைந்து விவசாயிகள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருமுறை வயலிலேயே கூடுவார்கள். எத்தனை பூச்சி, அதைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று எண்ணி, பெரிய காகிதத்தில் வரைந்து, அடுத்த வாரம் மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். பாடம் எடுப்பவர் கேள்வி மட்டும் கேட்பார். தப்பான முடிவு அடுத்த வாரமே வயலில் தெரியும். ஸ்னோபேர்ட்டுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே சேற்றில் நின்றுகொண்டு ஸ்பிரிண்ட் நடத்தியவர்கள் இவர்கள். தமிழ்நாட்டு நெல்லுக்கும் பருத்திக்கும் இந்தப் பள்ளிகள் பிறகு வந்தன.

வார இறுதியில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மென்பொருள் அணிகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்கு வருகின்றன. ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் படம், இரவில் தீ மூட்டம். நடுவே விடுதிக் கூடத்தில் ஒரு ரெட்ரோஸ்பெக்டிவ். எது நன்றாகப் போனது, எது போகவில்லை, எதை மாற்றுவோம் என்று மூன்று பத்தியில் காகிதம் ஒட்டுவார்கள். விடுதியின் சுவருக்கு அந்தப் பக்கம் காபித் தோட்டம். அவர்களுடைய கணினியில் இருக்கும் கிட் என்ற மென்பொருள், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது, நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எந்த நாளில், ஏன் மாற்றினார் என்று பதிந்து வைக்கிறது. இருவர் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் இரண்டு பெயரையும் போட வழி உண்டு. தோட்டத்திலும் பதிவேடு உண்டு, செக்ரோல் என்பார்கள். யார் வந்தார், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று அதில் இருக்கும். மழை முன்னப்பின்ன ஆகும் இந்தக் காலத்தில், அட்டவணையில் போட்ட மாதத்துக்கு முன்பே வண்டு பறப்பதை ஒருவர் பார்த்துவிட்டால், அதை எழுத செக்ரோலில் கட்டம் கிடையாது. மேஸ்திரியிடம் சொல்லலாம். மேஸ்திரி அதை மேலாளரிடம் சொல்வது, அன்றைக்கு எத்தனை செடி பார்த்து முடித்தார்கள் என்ற கணக்கு அவரை எவ்வளவு நெருக்குகிறது என்பதைப் பொறுத்தது.